குளிர்நாட்டு மாத்திரையும் நம் வெப்பமும்

2014-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில், கிள்ளான் பள்ளத்தாக்கு முழுவதும் வறட்சியிலும் புகைமூட்டத்திலும் வாடி, சிலாங்கூர் மாநிலத்துக் குழாய்களில் தண்ணீர் முறைவைத்து விடப்பட்டுக்கொண்டிருந்த நாட்களில், கோலாலம்பூரின் தென்கோடியிலுள்ள புக்கிட் ஜாலில் விளையாட்டரங்க வளாகத்தில் மூன்று நாள் இசைவிழா ஒன்று நடந்தது. பியூச்சர் மியூசிக் பெஸ்டிவல் ஏசியா என்பது அதன் பெயர். இரண்டாம் நாள் இரவு கூட்டத்தில் பலர் மயங்கி விழ, ஆறு பேர் உயிர் துறந்தனர்; மூன்றாம் நாள் நிகழ்ச்சி ரத்துச் செய்யப்பட்டது. போதைப்பொருளை அளவுக்கு மீறி உட்கொண்டதே காரணம் என்பது முதலில் எழுந்த பேச்சு. பிற்பாடு மருத்துவர்களின் பரிசோதனை பற்றிய செய்தி பத்திரிகைகளில் வெளிவந்தபோது, அவர்களைக் கொன்றது வெப்பத்தாக்கு என்று அதில் கண்டிருந்தது. மாத்திரையா, வெப்பமா என்று ஊர் இரண்டாகப் பிரிந்து வாதிட்டது. வாதிட்டவர்களில் பெரும்பாலோர் இவ்விரண்டும் ஒன்றுக்கொன்று மாற்றான காரணங்கள் என்றே எண்ணிக்கொண்டிருந்தார்கள் என்பதுதான் இதில் கவனிக்கத்தக்கது.

அடுத்த ஆண்டில் அவ்விழாவைச் சிங்கப்பூருக்குக் கொண்டுபோக முயன்றார்கள். அந்நாட்டுப் போலீஸார் அனுமதி மறுத்துவிட்டனர். பத்தாண்டுகள் கழிந்தன. 2024-ஆம் ஆண்டு டிசம்பர் 31-ஆம் தேதி இரவு, புத்தாண்டை வரவேற்கும் பொருட்டுப் பண்டார் சன்வேயில் நடந்த பிங்க்ஃபிஷ் என்னும் இசைக் கொண்டாட்டத்துக்குச் சென்று வந்தவர்களில் நால்வர் மாண்டனர். மேலும் சிலர் மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டனர். எக்ஸ்டசி என்ற மாத்திரையே காரணமாயிருக்கலாம் என்று சிலாங்கூர்ப் போலீஸார் ஐயுற்றனர். இவ்விரண்டு சம்பவங்களுக்கும் இடையில், 2018-ஆம் ஆண்டு செப்டம்பரில், வியட்நாமின் தலைநகராகிய ஹனோயில் மேலை ஏரிக்கரையில் நடந்த இதே வகை விழாவில் ஏழு பேர் இறந்தனர். மூன்றும் வெப்ப மண்டலத்து நகரங்களில் நடந்தவை என்பதை இங்கே குறித்துவைத்துக்கொண்டு மேலே செல்வோம்.

நான் வாழும் கேரித் தீவிலிருந்து பண்டார் சன்வே அதிக தூரமில்லை. லங்காட் ஆற்றுப் பாலத்தைக் கடந்து தெலுக் பங்லிமா காராங் வழியே கிள்ளானை அடைந்துவிட்டால், நெடுஞ்சாலை நேரே அங்கே கொண்டுபோய் விட்டுவிடும். கேரி என்ற ஆங்கிலத் தோட்டக்காரரின் பெயரைத் தாங்கிய இத்தீவில், ஒரு காலத்தில் பால்மரமும் பின்னர் செம்பனையுமாகத் தலைமுறை தலைமுறையாக உழைத்த தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகள் இன்று பந்திங்கிலும் கிள்ளானிலும் பிரிக்பீல்ட்ஸிலும் வேலை பார்க்கிறார்கள். நகரத்தின் கேளிக்கைகள் அவர்களுக்கும் உரியவை ஆகிவிட்டன. ஆகவே, 'இது பணக்கார வீட்டுப் பிள்ளைகளின் சமாசாரம், நமக்கென்ன' என்று தோட்டத்துப் பெரியவர்கள் சொல்வதை நான் ஏற்றுக்கொள்வதற்கில்லை. ஒரு மாத்திரையின் விலை இன்று ஒரு சாதாரண உழைப்பாளியின் சம்பளத்துக்கு எட்டாத ஒன்றன்று.

போதை என்பது நம் ஜனங்களுக்குப் புதியதும் அன்று. துரைமார் காலத்தில் தோட்டத்துக்குள்ளேயே கள்ளுக்கடை இருந்தது. வேலைக்காரன் காலையில் உழைத்துப் பெற்ற காசு மாலையில் அதே தோட்டத்தின் கடைக்குத் திரும்பிப் போகும்படியான ஏற்பாடு அது. 1941-ஆம் ஆண்டில், 'தமிழ் நேசன்' பத்திரிகையில் உதவியாசிரியராயிருந்த ஆர். எச். நாதன் முதலியோர் கிள்ளான் வட்டாரத்துத் தோட்டத் தொழிலாளரை ஒன்றுதிரட்டி வேலைநிறுத்தம் செய்தபோது, கூலி உயர்வையும், துரையையும் கிராணி என்னும் எழுத்தரையும் கண்டால் சைக்கிளைவிட்டு இறங்க வேண்டும் என்ற இழிவை நீக்குதலையும் கேட்ட அதே பட்டியலில், கள்ளுக்கடைகளை மூடவேண்டும் என்பதையும் கேட்டார்கள். அரசாங்கம் நாதனைக் கைதுசெய்தது. படையைக் கொண்டுவந்து தொழிலாளரைச் சுட்டது. கள்ளுக்கடைகள் பல்லாண்டுகள் கழிந்த பின்னரே மறைந்தன. மறைந்த இடத்தில் சம்சு என்னும் மலிவுச் சாராயம் வந்து அமர்ந்துகொண்டது.

கள்ளையும் சம்சுவையும் பற்றிச் சொல்லத்தக்க கேடுகள் எத்தனையோ உண்டு. ஆயினும் கள் குடித்தவனுக்கு, தான் குடிப்பது கள் என்பது தெரிந்திருந்தது. அதற்கு ஒரு வாசனை உண்டு; இறக்கியவன் இன்னான் என்று ஊருக்குத் தெரியும்; இத்தனை குவளைக்கு மேல் போனால் கால் தள்ளாடும் என்பதற்கு அனுபவமும் உண்டு. சம்சுவில் இந்த நிச்சயம் குறைந்தது. 2018-ஆம் ஆண்டில் மெத்தனால் கலந்த போலி மதுவைக் குடித்துக் கிள்ளான் பள்ளத்தாக்கில் பலர், அவர்களில் பெரும்பாலோர் வயிற்றுப் பிழைப்புக்காக வந்த அயல்நாட்டுத் தொழிலாளர், அடுத்தடுத்து மாண்டதை நாம் பார்த்தோம். நான் எழுதப் புகுந்த மாத்திரையிலோ இந்த நிச்சயம் அடியோடு இல்லை. அதன் வரலாற்றைச் சற்று நிதானமாகவே பார்ப்பது நல்லது.

ஜெர்மனியில் டார்ம்ஸ்டாட் நகரத்து மெர்க் மருந்துக் கம்பெனியில் அன்டன் கோலிஷ் என்ற இளம் ரசாயனியர் இருந்தார். இரத்தப்போக்கை நிறுத்துவதற்கான மருந்தொன்றுக்குப் போட்டிக் கம்பெனியாகிய பேயர் காப்புரிமை வைத்திருந்தபடியால், அந்த உரிமையைத் தொடாமல் வேறு மார்க்கமாக அதையொத்த மருந்தைச் செய்ய மெர்க் முயன்றது. அம்முயற்சியின் நடுவே, கடைசிப் பொருளை அடைவதற்கு வழியில் உண்டாகும் ஓர் இடைநிலைப் பொருளாக, மெத்திலீன் டையாக்ஸி மெத்தாம்பெட்டமின் என்ற நீண்ட பெயரையும் எம்.டி.எம்.ஏ. என்ற சுருக்கப் பெயரையும் பிற்காலத்தில் பெற்ற, எக்ஸ்டசி மாத்திரையின் சாரமாகிய இந்த வஸ்து பிறந்தது. அதற்கான காப்புரிமை விண்ணப்பம் 1912-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் பதிவாயிற்று. பசியை அடக்கும் மருந்தாகவே இது கண்டுபிடிக்கப்பட்டது என்று பல நூல்களில் எழுதியிருக்கிறார்கள். மெர்க் கம்பெனியின் பழைய ஏடுகளைப் புரட்டிப் பார்த்தவர்கள் அதற்கு ஆதாரம் எதுவும் இல்லை என்று 2006-ஆம் ஆண்டில் நிரூபித்தார்கள். கோலிஷ், தாம் செய்தது இன்னதென்று அறியாமலே, முதல் உலகப் போரில் 1916-ஆம் ஆண்டு மடிந்துபோனார்.

அதன்பின் நெடுங்காலம் அது அலமாரியில் உறங்கிற்று. 1927-ஆம் ஆண்டில் மாக்ஸ் ஓபர்லின் என்ற மெர்க் ஆராய்ச்சியாளர் அதை எடுத்துப் பிராணிகளிடம் சோதித்து, விலை அதிகமாகிறதென்று வைத்துவிட்டார். 1952-ஆம் ஆண்டில் அதே கம்பெனியில் இன்னொருவர் அதை ஈக்களின்மேல் பிரயோகித்து, அவை சற்று நேரத்தில் செத்தன என்று குறிப்பெழுதினார். பிற்பாடு கோடிக்கணக்கான வாலிபர் ஆனந்தத்தைத் தேடி விழுங்கிய மருந்தை ஒரு காலத்தில் ஈக்களின்மேல் சோதித்துப் பார்த்தார்கள் என்பதை எண்ணினால் எனக்குச் சிரிப்பு வருகிறது. 1950-களில் அமெரிக்கப் படைத்துறையும் மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் மூலம் விலங்குகளில் இதன் நச்சுத்தன்மையை அளந்து, முடிவுகளை ரகசியமாக வைத்திருந்தது.

உறங்கியதை எழுப்பியவர் அலெக்சாண்டர் ஷுல்கின். டௌ கம்பெனிக்குப் பூச்சிமருந்து ஒன்றைக் கண்டுபிடித்துக் கொடுத்து நல்ல பெயரெடுத்த இந்தக் கலிபோர்னிய ரசாயனியர், பிற்பாடு தம் வீட்டுக் கொல்லையிலேயே ஒரு சிறு ஆய்வுக்கூடம் அமைத்துக்கொண்டு, மனத்தை மாற்றும் வஸ்துக்களை நூற்றுக்கணக்கில் செய்து, ஒவ்வொன்றையும் முதலில் தாமே உட்கொண்டு குறிப்பெழுதி வந்தார். 1976-ஆம் ஆண்டில் எம்.டி.எம்.ஏ.யைத் தம்மிடமே பரீட்சித்த அவர், 1978-இல் டேவிட் நிக்கல்ஸ் என்பவருடன் சேர்ந்து மனிதரிடத்தில் அதன் விளைவைப் பற்றிய முதல் விஞ்ஞானக் கட்டுரையை வெளியிட்டார். மனோதத்துவ வைத்தியராகிய அவருடைய நண்பர் லியோ ஸெஃப், ஓய்வுபெற இருந்த நிலையில் இம்மருந்தை ருசித்துப் பார்த்து, ஓய்வை ஒத்திவைத்து, தமக்குத் தெரிந்த வைத்தியர்களுக்கெல்லாம் இதை அறிமுகப்படுத்தினார். ஊரறியாமல் நடந்த இந்த வைத்திய காலம் சில ஆண்டுகளே நீடித்தது.

வியாபாரம் அதைக் கைப்பற்ற நாழியாகவில்லை. டெக்சாஸ் மாநிலத்து டாலஸ் நகரில் 1984-ஆம் ஆண்டு தொடங்கிய ஸ்டார்க் கிளப் என்னும் கேளிக்கை விடுதியில், அப்போது சட்டத்தில் தடையேதும் இல்லாதபடியால், மது விற்கும் மேடையிலேயே கிரெடிட் கார்டு கொடுத்து எக்ஸ்டசி வாங்கக்கூடியதாயிருந்தது. 1985-ஆம் ஆண்டு ஜூலை முதல் தேதி அமெரிக்கா இதை அவசர ஆணையால் தடைசெய்தது. மறு ஆண்டில் ஐக்கிய நாட்டு மன்றத்தின் உடன்படிக்கையிலும் இது மிகக் கடுமையான முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டது. அடுத்த இரண்டு கோடைகளுக்குள், ஸ்பெயினின் இபிஸாத் தீவுக்கு விடுமுறை போய்வந்த லண்டன் இசைத்தட்டுக் கலைஞர்கள் சிலரின் மூலமாக அது இங்கிலாந்துக்குள் நுழைந்து, 1988-இல் பாழடைந்த கிடங்குகளிலும் வயல்வெளிகளிலும் விடிய விடிய ஆடும் ஒரு தலைமுறையின் சின்னமாகிவிட்டது. அங்கிருந்து ஹாலந்து, பெல்ஜியம் ஆகிய நாடுகளின் கள்ளத் தொழிற்சாலைகள். அங்கிருந்து உலகம் முழுவதும். கோலாலம்பூரின் டிஸ்கோக்களில் 1990-களின் பிற்பாதியில் இது பரவலாயிற்று. தலையை ஓயாமல் ஆட்டி ஆடும் அந்த ஆட்டத்துக்குச் சீனர் வைத்த 'ஃபெங்தாவ்' என்ற பெயரும், மாத்திரைக்கு மலாய்க்காரர் வைத்த 'பில் ஃபீலிங்' என்ற பெயரும் நம் பையன்களுடைய பேச்சிலும் கலந்துவிட்டன.

மூலப்பொருளைப் பொறுத்தவரை இந்தக் கதை நம் அண்டைக்கே வருகிறது. இம்மாத்திரை செய்யப் பயன்பட்ட சாஃப்ரோல் என்னும் எண்ணெய், கம்போடியாவின் ஏலமலைக் காடுகளிலுள்ள ஒருவகை இலவங்க இனத்து மரத்தின் வேரைக் காய்ச்சி எடுக்கப்பட்டது. வேரை எடுத்தால் மரம் ஏது? காய்ச்சுவதற்கு விறகாகச் சுற்றியிருந்த மரங்களும் போயின. 2008-ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியப் போலீஸாரின் உதவியோடு கம்போடிய அரசாங்கம் கைப்பற்றி எரித்த அவ்வெண்ணெய் 33 டன். அது கள்ளத் தொழிற்சாலைகளை எட்டியிருந்தால் இருபத்து நான்கு கோடிக்கு மேற்பட்ட மாத்திரைகள் ஆகியிருக்கும் என்று கணக்கிட்டார்கள். அன்பைப் பெருக்கும் மாத்திரை என்று பாராட்டியவர்கள் இந்தக் காட்டை நினைத்திருக்க மாட்டார்கள்.

இனி, அது என்ன செய்கிறது என்பதைப் பார்ப்போம். வடிவத்தில் இது இரண்டு குடும்பங்களின் சந்ததி. ஒரு பக்கம் களைப்பை மறக்கச் செய்யும் ஆம்பெட்டமின். மறுபக்கம் மெக்சிகோவின் கள்ளிச்செடியிலிருந்து கிடைக்கும், உருவெளித் தோற்றங்களைக் காட்டும் மெஸ்கலின். மூளையில் ஒரு நரம்பணுவிலிருந்து இன்னொன்றுக்குச் செய்தி கொண்டுசெல்லும் வஸ்துக்களில் செரட்டோனின் என்பது மனோபாவத்தையும் உறக்கத்தையும் பசியையும் சரீர உஷ்ணத்தையும் ஆளுவது. வேலை முடிந்த செரட்டோனினைத் திரும்ப உள்ளே இழுத்துக்கொள்ளும் வாயில்களை இம்மருந்து எதிர்த்திசையில் திருப்பிவிடுகிறது. சேமித்து வைத்திருந்ததெல்லாம் ஒரேயடியாக வெளியே கொட்டுகிறது. நோரட்ரினலினும் டோபமினும் அதனோடு கூடப் பெருகுகின்றன. தாய்க்கும் சேய்க்கும் பிணைப்பை உண்டாக்குவதாகக் கருதப்படும் ஆக்ஸிடோசினும் இரத்தத்தில் ஏறுகிறது. விழுங்கி அரைமணி முதல் ஒரு மணிக்குள் தொடங்கி, மூன்று முதல் ஆறு மணி நேரம் வரை நீடிக்கும் இந்த நிலையில், அறிமுகமில்லாதவரும் உறவினராகத் தோன்றுவர். மனத்தில் அச்சம் அகலும். இசை தோலுக்குள் புகுந்தாற்போலிருக்கும். இவை பொய்யல்ல. இவற்றை அனுபவித்தவனிடம் போய், 'அதில் ஒரு சுகமும் இல்லை' என்று பிரசாரம் செய்கிறவன் தன் பேச்சின் மதிப்பைத் தானே கெடுத்துக்கொள்கிறான். அந்தச் சுகத்தை ஒருமுறை கண்டவன், அதற்கப்பால் சொல்லப்படும் உண்மையான எச்சரிக்கைகளையும் நம்பமாட்டான்.

சுகத்தோடு வேறு சிலவும் வருகின்றன. கண்மணி விரியும், தாடை இறுகிப் பல் நெறிபடும், இதயம் விரைந்து துடிக்கும், இரத்த அழுத்தம் ஏறும். கொட்டித் தீர்ந்த செரட்டோனின் மீண்டும் சேர நாளாகும் என்பதால், இரண்டு மூன்று தினங்களுக்குப் பின் காரணமற்ற சோகம் கவிவதைப் பலர் சொல்கிறார்கள். மனச்சோர்வுக்கான சில மாத்திரைகளையோ, டிராமடால் என்னும் வலிமருந்தையோ உண்பவர்களுக்கு இது சேர்ந்தால் செரட்டோனின் அளவு கடந்து உயிருக்கே அபாயமாகலாம். இன்னொரு விபரீதமும் உண்டு. இம்மருந்தைச் சிதைத்து வெளியேற்ற ஈரலில் உள்ள நொதியை இம்மருந்தே முடக்கிவிடுவதால், 'ஒன்றில் ஒன்றும் தெரியவில்லை' என்று இரண்டாவதை விழுங்குகிறவனுடைய இரத்தத்தில் அது இரு மடங்கு அன்று, அதற்கும் மேலாகவே ஏறுகிறது.

மூளையை இது நிரந்தரமாக அழிக்கிறதா என்ற கேள்வியில் விஞ்ஞானிகளே தடுமாறினார்கள். 2002-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்து ஆராய்ச்சியாளர்கள், ஒரே இரவின் அளவு கொடுத்த குரங்குகளின் மூளையில் டோபமின் நரம்புகள் அழிந்ததாக 'சயன்ஸ்' இதழில் எழுத, உலகமே நடுங்கிற்று. மறு ஆண்டில், அக்குரங்குகளுக்குச் செலுத்தப்பட்டது எம்.டி.எம்.ஏ. அன்று, குப்பியில் சீட்டு மாறிப்போனதால் மெத்தாம்பெட்டமின் என்று அவர்களே ஒப்புக்கொண்டு கட்டுரையைத் திரும்பப் பெற்றார்கள். எனினும், நெடுநாள் மிகுதியாக உண்டவர்களிடம் ஞாபகசக்தி குறைவதைக் காட்டும் ஆய்வுகள் பல உள்ளன. அவற்றை அலட்சியம் செய்யலாகாது.

ஆனால் விழாக்களில் வாலிபர் சாவது ஞாபகக் குறைவால் அன்று. அவர்கள் வெந்து சாகிறார்கள். நான் முக்கியமாகச் சொல்ல வந்தது இதுதான்.

ஆய்வுக்கூடத்து எலிகளைக் கொண்டு 1990-களில் செய்த பரிசோதனைகள் ஒரு விசித்திரத்தை வெளிப்படுத்தின. குளிர்ந்த அறையில் எம்.டி.எம்.ஏ. கொடுக்கப்பட்ட எலியின் உடல் உஷ்ணம் இறங்கியது. வெப்பமான அறையில் அதே அளவு கொடுக்கப்பட்ட எலியின் உஷ்ணம் அபாயகரமாக ஏறியது. அறையின் வெப்பம் ஒரு சில பாகைகள் மாறினாலே, மூளை நரம்புக்கு விளையும் சேதமும் பெரிதும் மாறிற்று. தனியாக இருக்கும் சுண்டெலி தாங்கிக்கொள்ளும் ஆம்பெட்டமினை, ஒரே கூண்டில் நெருக்கியடித்து வைக்கப்பட்ட சுண்டெலிகள் தாங்காமல் மடிகின்றன என்பதோ 1940-களிலேயே தெரிந்த விஷயம். மனிதனை எலியோடு முற்றும் ஒப்பிடுவதற்கில்லை. சாந்தமாக உட்கார்ந்திருக்கும் தொண்டர்களுக்கு மருத்துவர் மேற்பார்வையில் கொடுத்துப் பார்த்தபோது, அறை குளிர்ந்திருந்தாலும் வெப்பமாயிருந்தாலும் அவர்களுடைய உஷ்ணம் சிறிதளவே உயர்ந்தது. உட்கார்ந்திருந்தவர்களின் சங்கதி அது. புக்கிட் ஜாலிலில் யாரும் உட்கார்ந்திருக்கவில்லை.

நம் நாட்டில் இரவும் குளிர்வதில்லை. நள்ளிரவிலும் 26, 27 பாகை, காற்றில் ஈரம் எண்பது சதவிகிதத்துக்கு மேல். சரீரம் தன்னைக் குளிர்வித்துக்கொள்ளும் ஒரே பெரிய உபாயம் வேர்வை ஆவியாவது. ஈரக்காற்றில் வேர்வை வழிகிறதே ஒழிய எளிதில் ஆவியாவதில்லை. ஆயிரக்கணக்கானோர் தோளோடு தோள் உரசி நிற்கும் இடத்தில் காற்றோட்டமும் இல்லை. இந்நிலையில் மாத்திரை மூன்று வேலைகளைச் செய்கிறது: தசைகளில் வெப்ப உற்பத்தியைப் பெருக்குகிறது, தோலின் இரத்தக் குழாய்களைச் சுருக்கி அவ்வெப்பம் வெளியேறும் வழியை அடைக்கிறது, களைப்பையும் தாகத்தையும் உணரும் புலனை மழுக்குகிறது. மூன்றாவதே கொடியது என்று நான் எண்ணுகிறேன். எங்கள் தோட்டத்தில் நீண்ட கம்பின் நுனியில் அரிவாளைக் கட்டிச் செம்பனைக் குலை அறுப்பவன், இளங்காலையிலேயே தொடங்கி, வெயில் உச்சிக்கு ஏறும் முன்னரே பெரும் பகுதி வேலையை முடித்துவிடுவான். தலை கிறுகிறுத்தால், மேற்பார்வை பார்க்கும் மண்டோர் சொல்லும் வரை காத்திராமல், மரநிழலில் குந்திவிடுவான். அந்தக் கிறுகிறுப்புத்தான் அவனுக்குக் காவல். மாத்திரை உண்டு ஆடுகிறவனிடம் காவலாளியே இல்லை. ஆடுவதை நிறுத்தும்படி அவன் உடம்பு இடும் கட்டளை அவனுக்குக் கேட்பதேயில்லை.

உஷ்ணம் 41, 42 பாகையைத் தாண்டும்போது தசைநார்கள் கரைந்து இரத்தத்தில் கலக்கின்றன, அக்கழிவை வடிகட்ட முடியாமல் சிறுநீரகம் நின்றுபோகிறது, இரத்தம் உள்ளே கண்ட இடங்களில் உறைந்து, உறைவதற்கு வேண்டிய சத்தெல்லாம் அதில் தீர்ந்து, பின்னர் எங்கும் கசியத் தொடங்குகிறது, ஈரல் சேதமடைகிறது, வலிப்பு வருகிறது. இப்படி இறந்தவனுடைய பிரேதப் பரிசோதனையில் மருந்தின் அளவு மிகச் சாதாரணமாகவே இருக்கக்கூடும். அதனால்தான் மாத்திரையா, வெப்பமா என்ற வாதம் பயனற்றது என்கிறேன். மாத்திரையே உண்ணாதவனையும் அந்த நெருக்கமும் அந்த இரவும் வீழ்த்தக்கூடும். உண்டவனுக்கு அவை இரட்டிப்பு வலிமையோடு வருகின்றன. இங்கிலாந்தின் இரவுக் குளிரில் வயல்வெளியில் ஆடியவர்களிடம் வளர்ந்த ஒரு வழக்கத்தை, அதன் இசையோடும் உடையோடும் மாத்திரையோடும் அப்படியே பெயர்த்து இங்கே நட்டார்கள். அந்தக் குளிரைக் கொண்டுவர முடியவில்லை.

'அப்படியானால் தண்ணீரை நிறையக் குடித்தால் போயிற்று' என்பார்கள். அதிலும் ஒரு பொறி இருக்கிறது. 1995-ஆம் ஆண்டு நவம்பரில், இங்கிலாந்தின் எஸெக்ஸ் மாவட்டத்தில், தன் பதினெட்டாம் பிறந்த நாள் விருந்தில் ஒரு மாத்திரையை உண்ட பெண்ணொருத்தி, ஒன்றரை மணி நேரத்தில் ஏறக்குறைய ஏழு லிட்டர் தண்ணீரைக் குடித்தாள். சிறுநீரை அடக்கும் சுரப்பை இம்மருந்து தூண்டிவிடுவதால் குடித்த நீர் வெளியேறவில்லை. இரத்தத்தில் உப்பின் செறிவு குறைந்து, மூளை வீங்கி, சில தினங்களில் அவள் மாண்டாள். ஆக, நீர் குடியாமலிருப்பதும் அபாயம், வரைமுறையின்றிக் குடிப்பதும் அபாயம். வேர்வையில் போன உப்பும் சேர்ந்து திரும்பவேண்டும். அதுவும் கொஞ்சம் கொஞ்சமாக.

இத்தனையும், மாத்திரைக்குள் இருப்பது எம்.டி.எம்.ஏ.தான் என்று வைத்துக்கொண்டு சொன்னவை. அதற்கு யார் ஜாமீன்? பி.எம்.ஏ., பி.எம்.எம்.ஏ. என்ற வேறு ரசாயனங்களை இதே நிறத்திலும் முத்திரையிலும் அடித்து விற்றதுண்டு. அவை மெதுவாக வேலை செய்வதால், பலிக்கவில்லை என்றெண்ணி இன்னொன்றை விழுங்கிப் பலர் இறந்தார்கள். அசலே ஆனாலும் அளவு நிச்சயமில்லை. ஐரோப்பாவில் 1990-களின் மாத்திரையில் இருந்ததைப் போல் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு அடங்கியவை சென்ற பத்தாண்டுகளில் பிடிபட்டிருக்கின்றன. நம் நாட்டிலோ மாத்திரை என்ற உருவமும் மறைந்துவருகிறது. பழரசத் தூள், காப்பித் தூள் பொட்டலங்களில் எக்ஸ்டசியைக் கலந்து அடைக்கும் கூடங்களைக் கிள்ளான் பள்ளத்தாக்கின் அடுக்குமாடிகளில் போலீஸார் அடிக்கடி கண்டுபிடிக்கிறார்கள். வெந்நீரில் கலக்கிப் பலர் பகிர்ந்து குடிக்கும் பானத்தில் யாருடைய பங்குக்கு எவ்வளவு போயிற்று என்பதை எந்த வைத்தியன் சொல்வான்? ஹாலந்தில் 1992-ஆம் ஆண்டு முதல் அரசாங்கத்தின் ஆதரவிலேயே மாத்திரைகளைப் பரிசோதித்துச் சொல்லும் நிலையங்கள் இருக்கின்றன. விபரீதமான சரக்கு வந்தால் நாடு முழுவதும் எச்சரிக்கை போகிறது. இங்கே அதைப் பற்றிப் பேசினாலே போதைக்கு உடந்தை என்பார்கள்.

நம் சட்டத்தின் கடுமை யாவரும் அறிந்தது. 1952-ஆம் ஆண்டின் அபாயகர மருந்துச் சட்டத்தின்படி, இந்த இனத்து வஸ்து ஐம்பது கிராம் வைத்திருப்பவன் கடத்தல்காரனாகவே கருதப்படுவான். கடத்தலுக்கு விதிக்கவேண்டிய தண்டனை நெடுங்காலம் தூக்கு ஒன்றே. நீதிபதி தம் விவேகப்படி தீர்மானிக்கும் உரிமை 2018-இல் சிறிதளவும், கட்டாய மரண தண்டனை ஒழிக்கப்பட்ட 2023-இல் விரிவாகவும் வந்தது. உட்கொண்டவனுக்கோ, 15-ஆம் பிரிவின் கீழ், ஐயாயிரம் வெள்ளி வரை அபராதம் அல்லது இரண்டு ஆண்டு வரை சிறை. கேளிக்கை விடுதியின் கதவைச் சாத்திவிட்டு வரிசையாக நிற்கவைத்துச் சிறுநீர் பரிசோதிப்பதைப் பத்திரிகைகளில் படிக்கிறோம். கடத்தல்காரனிடம் சட்டம் இரக்கம் காட்டவேண்டும் என்று நான் வாதிடவில்லை. ஆனால், பக்கத்தில் நண்பன் விழுந்து கிடக்கையில் 999-ஐ அழைக்கப் போகும் பையனின் கை, தன் சிறுநீரை நினைத்துத் தயங்குகிற ஒரு நிமிஷத்தை எண்ணிப்பாருங்கள். உதவிக்கு அழைத்தவனை அந்த ஒரு குற்றத்துக்காகத் தண்டிப்பதில்லை என்று சில நாடுகள் சட்டம் செய்திருக்கின்றன. அப்படியோர் உறுதியை இங்கும் பகிரங்கமாகக் கொடுத்தால் சட்டத்தின் மானம் ஒன்றும் குறைந்துவிடாது.

இதே மருந்து, போரிலும் பலாத்காரத்திலும் மனம் சிதைந்தவர்களுக்கு வைத்தியமாகலாம் என்ற நம்பிக்கையில் நடந்த ஆராய்ச்சிகளையும் சொல்லிவிட வேண்டும். 2021-இல் வெளிவந்த பரிசோதனையில், மனோசிகிச்சையோடு சேர்த்து இதைப் பெற்றவர்களில் 67 சதவிகிதத்தினரும், அதே சிகிச்சையோடு மருந்தில்லாத போலி மாத்திரை பெற்றவர்களில் 32 சதவிகிதத்தினரும் அந்நோயின் இலக்கணத்திலிருந்து விடுபட்டார்கள். ஆஸ்திரேலியா 2023 ஜூலை முதல் அதிகாரம் பெற்ற மனநல மருத்துவர்களுக்கு மட்டும் அனுமதி அளித்தது. அமெரிக்காவோ 2024 ஆகஸ்டில் சான்று போதாது என்று மறுத்து, இன்னொரு பரிசோதனை கேட்டது. அந்த அறையில் மருந்தின் அளவு மில்லிகிராம் கணக்கில் தெரியும், நோயாளி படுத்திருப்பார், இரத்த அழுத்தமும் உஷ்ணமும் அளக்கப்படும், இரண்டு வைத்தியர் பக்கத்தில் இருப்பர். 'மருந்தென்று வைத்தியரே சொல்கிறாரே' என்று இதைக் காட்டி விற்கும் வியாபாரி, அந்த அறையைச் சேர்த்து விற்பதில்லை.

பெற்றோரும் நண்பரும் அறிந்திருக்க வேண்டியவை சில. ஆட்டத்தின் நடுவே ஒருவன் குழறிப் பேசினால், ஆளடையாளம் தெரியாமல் விழித்தால், உடல் தகித்தால், தசை விறைத்தால், அது வெறும் போதை என்று ஓரமாகப் படுக்கவைத்துவிட்டுப் போகக் கூடாது. தூங்கினால் தெளியும் என்பது கள்ளுக்கடைக் காலத்து ஞானம், இங்கே செல்லாது. கிள்ளானில் தெங்கு அம்புவான் ரஹிமா மருத்துவமனைக்கோ, பிரிக்பீல்ட்ஸை அடுத்த பந்தாயில் மலாயாப் பல்கலைக்கழக மருத்துவமனைக்கோ கொண்டுசெல்லப்படுகிறவனைப் பார்த்ததும் மருத்துவர் கேட்பது மூன்று கேள்வி: எதை உண்டான், எத்தனை உண்டான், எப்போது உண்டான். உண்மையைச் சொல்வதில் ஒளிவுமறைவு வேண்டாம். மிச்சமிருக்கும் பொட்டலத்தைக் கையோடு கொண்டுபோனால் இன்னும் நல்லது. பினாங்கில் அறிவியல் பல்கலைக்கழகத்தில் இயங்கும் தேசிய நச்சு மையம் இத்தகைய சந்தர்ப்பங்களில் மருத்துவர்களுக்கு யோசனை சொல்கிறது. ஆனால் வெப்பத்தாக்குக்கு ஆளானவனின் உஷ்ணத்தை அரை மணி நேரத்துக்குள் 39 பாகைக்குக் கீழே இறக்கவேண்டும் என்பது மருத்துவ விதி. புத்தாண்டு இரவின் நெரிசலில் ஆம்புலன்ஸ் வந்து சேர அதைவிட நேரமாகலாம். ஆகையால் கூட்டத்திலிருந்து வெளியே தூக்கி வந்து, உடையைத் தளர்த்தி, கழுத்திலும் அக்குளிலும் தொடையிடுக்கிலும் பனிக்கட்டியை வைத்து, உடம்பெங்கும் தண்ணீர் ஊற்றி விசிறுவதை, வண்டிக்குச் சொல்லியனுப்பிய அந்தக் கணமே, விழுந்த இடத்திலேயே தொடங்கிவிட வேண்டும்.